தண்ணீர் வரும் பக்கம்

புரட்டாசி

ஏரி காய்ந்து கிடக்கிறது. கரைமேல் மரம் நடும் விழா நடந்தது. பேனர், ஒலிபெருக்கி, வரிசையாக வெட்டிய குழிகள், குழிக்கு ஒரு கன்று. எல்லாம் கரைமேல்தான். வண்டி போகிற வழி அங்கேதான் இருக்கிறது. படம் எடுத்தால் பின்னால் ஏரி முழுதும் விழுவதும் அங்கிருந்துதான்.

செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் பெரும்பாலானவை பிறை வடிவில் இருக்கும். மூன்று பக்கம் மண்கரை. நான்காவது பக்கத்தில் கரை கிடையாது. தரை மெல்ல மேடேறி, கொல்லைகளாகவும் மேய்ச்சல் நிலமாகவும் ஆகி, எங்கோ ஒரு பாறைக்குன்றில் போய் முடியும். மழைநீர் இறங்கி வருவது அந்தத் திறந்த பக்கத்திலிருந்துதான். மண்ணும் சாணமும் கொல்லையில் போட்ட உரமும் கூடவே வருகின்றன.

கரையில் வைக்கும் மரத்தைக் குறை சொல்லவில்லை. பனைக்குச் சல்லிவேர், மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கரையைப் பிளக்காது. அதனால்தான் பழைய கரைகளில் பனையைப் பார்க்கிறோம். ஆனால் தடித்த வேர் ஓடும் பெருமரங்களைக் கரைமேல் வைத்தால், மரம் பட்டுப்போன பிறகு வேர் மக்கிய பொந்து வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்கும். பொறியாளர்கள் அதற்குப் பயப்படுவார்கள். எந்த மரமாக இருந்தாலும், கரைமேல் நிற்பது ஏரித் தண்ணீரின் தரத்துக்குச் செய்யக்கூடியது குறைவு. தண்ணீர் கரையைத் தொடும்போது ஏரிக்குள் வந்து நாளாகியிருக்கும்.

விழா முடிந்து எல்லோரும் போன பிறகு, மதகடியில் உட்கார்ந்திருந்த, ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பழைய நீர்க்கட்டி ஒருவர் சொன்னார்: “தண்ணி வர்ற எடத்த உட்டுட்டு தண்ணி நிக்கிற எடத்தயே பாக்குறாங்க தம்பி.” நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு உரை.

ஐப்பசி

முதல் பெருமழை. ஓடை ஏரிக்குள் இறங்கும் இடத்துக்குப் போனேன். மேலே கடலை பிடுங்கிய கொல்லை. மண் பொலபொலவென்று கிடக்கிறது. ஓடையின் வலப்பக்கம் வெறுந்தரை. இடப்பக்கம் யாரும் கைவைக்காமல் விட்ட கோரையும் அருகும்.

ஒரே மழை, ஒரே கொல்லைத் தண்ணீர். வெறுந்தரையில் அது முதலில் ஒரு கோடு கீறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு ஒரு சாண் ஆழத்துக்குப் போய்விட்டது. ஓரத்து மண் கட்டிகட்டியாகப் பெயர்ந்து விழ, செந்நீர் நேராக ஏரிக்குள் ஓடியது.

இடப்பக்கத்தில் அதே தண்ணீர் புல்லில் மோதியதும் வேகம் செத்துத் தகடாகப் பரவியது. கோரைத் தாள்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. நுரை, சருகு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் முதல் வரிசைத் தூர்களிலேயே ஒதுங்கிவிட்டன. ஒவ்வொரு தூருக்குப் பின்னாலும் விரல் நீளத்துக்கு மணல் சேர்ந்தது. இன்னும் உள்ளே, அருகின் இலைகள்மேல் வண்டல் மெல்லிய தோலாகப் படிந்தது. முறத்தால் தூற்றுகிற மாதிரிதான்: கனமானது முன்னால் விழுகிறது, லேசானது தள்ளிப் போகிறது.

புல்லைத் தாண்டி வெளியே வந்த தண்ணீர் தெளிந்திருந்தது என்று எழுதினால் பொய். கலங்கல்தான். ஆனால் அதில் மணல் இல்லை, சருகு இல்லை, அவசரம் இல்லை.

ஐப்பசி, மழை விட்ட நாள்

புல் எதைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று யோசித்தேன்.

மணல் சில அடிகளிலேயே தங்கிவிடும். களிமண் துகள் மிக நுண்ணியது. அது வெகுதூரம் மிதந்து போகும். பாஸ்பரஸ் ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் அந்தக் களிமண்ணில்தான். டி.ஏ.பி. மூட்டையில் வந்ததும் சாணத்தில் இருந்ததும் அப்படித்தான் ஏரிக்கு வந்து சேர்கின்றன. அதனால் ஒரு முழ அகலப் புல் பார்க்க அழகாக இருக்கும், நுண்மண்ணைப் பிடிக்காது. அகலம் வேண்டும். சரிவு கூடினால் அகலமும் கூட வேண்டும்.

யூரியாவிலிருந்து வரும் நைட்ரேட்டின் கதை வேறு. அது மண்ணில் ஒட்டாது, கரைந்து வரும். தண்ணீர் நின்று ஊறிய, காற்றுப் புகாத வேர்மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. வேர் வேண்டும், ஈரம் வேண்டும், தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மூன்றும் சேர்ந்து கிடைப்பது ஏரியின் ஓரச் சேற்றில்தான்.

பாஸ்பரஸ் என்ன செய்யும் என்று உலகத்துக்குக் கண்கூடாகக் காட்டிய ஏரி ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகளில் 226ஆம் எண் ஏரி. 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் உடன் வேலை செய்தவர்களும் அதன் நடுவில் திரை கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பாதி பாசி பூத்துப் பச்சையானது. மற்றப் பாதி பழைய நிறத்திலேயே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நம் வெப்ப நாட்டு ஏரிகளில் நைட்ரஜனுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் மண்ணோடு ஏறி வரும் அந்த ஒன்றை மறந்துவிட்டு ஏரியைச் சுத்தம் செய்ய முடியாது.

கார்த்திகை

ஏரி நிரம்பி, உபரிநீர் போகும் கலங்கல் வழிகிறது. ஐப்பசியில் நான் நின்ற இடம் இப்போது தண்ணீருக்குள்.

ஓரத்துப் புல்லுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் மின்னசோட்டா, ஏரிகள் நிறைந்த மாநிலம். 2015-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பொது நீர்நிலைகளை ஒட்டிச் சராசரியாக 50 அடி அகலத்துக்கு, உழாமல், ஆண்டு முழுதும் வேர்பிடித்து நிற்கும் செடிகொடி இருக்க வேண்டும். பொது வடிகால்களுக்குப் பதினாறரை அடி. விவசாயிகள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் சட்டம் நின்றது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவோம்: 50 அடி எங்கிருந்து? அவர்களுடைய ஏரிக்கு ஓரம் ஓரளவு ஓரிடத்தில் இருக்கிறது. நம் ஏரியின் ஓரம் நடக்கிறது. கார்த்திகையில் மேட்டுக் கொல்லையின் வரப்பைத் தொடும் தண்ணீர், சித்திரையில் மதகடிப் பள்ளத்துக்கு ஒடுங்கிவிடும். உள்வாயின், அதாவது ஏரிக்குள் தண்ணீர் பரவும் பரப்பின், தரை சில மாதம் தண்ணீருக்கடியில் கிடக்கிறது, பல மாதம் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது.

ஆகவே இங்கே வைக்கிற செடி இரண்டையும் தாங்க வேண்டும், மூழ்குவதையும் காய்வதையும். கடையில் கிடைக்கும் அழகுச்செடிகளில் அநேகமாக எதுவும் இதைத் தாங்காது. நீர்மருது தாங்கும். நீர்க்கடம்பு தாங்கும். புங்கமும் நாவலும் கருவேலமும் ஓரளவு வெள்ளத்தைப் பொறுக்கும். நொச்சி ஒடித்து நட்டாலே வரும். அடியில் கோரை, நாணல், வெட்டிவேர், நீர்முள்ளி. மேட்டில் அருகும் கொழுக்கட்டைப்புல்லும். சொந்த ஊர்ச் செடி என்று வற்புறுத்துவதற்குக் காரணம் ஊர்ப் பற்று மட்டும் இல்லை. இந்த ஏரியின் ஆண்டுக் கணக்கு அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது.

தை

வேடந்தாங்கல். கூழைக்கடாக்களின் இரைச்சல் கரை வரைக்கும் கேட்கிறது. நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கின்றன. கிளைகள் எச்சத்தால் வெளுத்திருக்கின்றன.

இந்த மரத்தைப் பூக்கும் காலத்தில் பார்க்க வேண்டும். செந்நிறப் பூக்கள் நீளச் சரங்களாகத் தொங்கும். விடிந்து போனால் அடியில் சிவப்பாக உதிர்ந்து கிடக்கும். தண்டு மாதக்கணக்கில் நீருக்குள் நின்றாலும் அழுகுவதில்லை. வேர்கள் சேற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

1798-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊராருக்கு எழுதிக்கொடுத்தார். ஊரார் அதைக் கேட்டு வாங்கியதன் காரணம் எச்சம்தான். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கேதான் சிந்திக்க வேண்டியிருக்கிறது. எச்சத்திலிருப்பதும் அதே நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். சத்து ஏரிக்குள் வருவதே குற்றம் என்றால் வேடந்தாங்கல் எப்போதோ கெட்டுப்போயிருக்கும். வந்த சத்து மதகு வழியாக வயலுக்குப் போய் நெல்லாகிவிட்டது. ஆண்டுதோறும் ஏரி காலியாகி மறுபடி நிரம்பியது. வருவதும் போவதும் ஒத்திருந்தன. இன்று பல ஏரிகளில், ஏரித் தண்ணீர் பாய்ந்த ஆயக்கட்டு நிலம் மனையாகிவிட்டது. தண்ணீரை வெளியே எடுப்பார் இல்லை. சத்து வருகிறது, தங்குகிறது, அடுத்த ஆண்டு மேலும் வருகிறது. ஓரத்துப் புல்லும் மரமும் முன்பைவிட இன்று அதிகம் தேவைப்படுவது அதனால்தான்.

மாசி

தண்ணீர் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. விட்டுப்போன இடமெல்லாம் கருஞ்சேறு.

நடவுக்கு நல்ல காலம் எது என்று கேட்டால் எல்லோரும் மழைக்கு முன் என்பார்கள். மேட்டுப் பகுதிக்கு அது சரி. உள்வாய் ஓரத்துக்குச் சரிவராது. மழைக்குமுன் வைத்த சிறு கன்று வேர் பிடிப்பதற்குள் தலைக்குமேல் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் இறங்க இறங்க, அது விட்டுப்போன ஈரத்தில் பின்தொடர்ந்து நட வேண்டும். வெட்டிவேர்த் தூரைப் பிரித்து, தாளை ஒரு சாணுக்குக் கத்தரித்து, சரிவுக்குக் குறுக்கே சமமட்டக் கோட்டில் நெருக்கி நடுவது. வேர் கோடைக்குள் ஈரத்தைத் துரத்திக்கொண்டு கீழே போகும். நல்ல மண்ணில் வெட்டிவேர் 3 மீட்டர் வரைகூட இறங்கும். நறுமணத்துக்காக வேரைத் தோண்டி எடுக்கிற பயிர் இது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். ஏரி ஓரத்தில் வைத்ததைத் தோண்டினால், கட்டியதை நாமே இடித்த கதை.

மரக்கன்று என்றால் ஆள் உயரத்துக்கு வளர்த்த பிறகே ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெள்ளத்திலும் தலை வெளியே இருக்க வேண்டும்.

கோரையை நடவே வேண்டாம். ஒரு பருவம் மாட்டையும் ஆட்டையும் தள்ளி ஓட்டினால் போதும். விதையும் கிழங்கும் சேற்றுக்குள்ளேயே காத்திருக்கின்றன. கோரை கொல்லைக்காரனுக்கு எதிரி, ஏரிக்குக் காவல்.

பங்குனி

கோரை அறுப்பு. ஒரு அம்மா இடுப்பளவு கோரைக்குள் குனிந்து நிற்கிறார். இடது கையில் ஒரு பிடி, வலது கையில் அரிவாள், அடியோடு ஒரே இழுப்பு. அறுத்த வாய் வெள்ளையாக, முக்கோணமாகத் தெரிகிறது. தூர் அப்படியே நிற்கிறது. அடுத்த மழைக்கு மறுபடி தாள் விடும்.

அறுப்பதைப் பார்த்தால் ஏதோ அழிக்கிறார்கள் என்று தோன்றும். நேர்மாறு. புல் பிடித்த சத்தெல்லாம் தாளிலும் வேரிலும் இருக்கிறது. அறுக்காமல் விட்டால் தாள் காய்ந்து, அடுத்த மழையில் அங்கேயே மக்கி, பிடித்ததை ஏரிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அறுத்து வெளியே எடுத்தால்தான் கணக்குத் தீரும். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடைப் பாயாக மாறுவது தாமிரபரணிக் கரைக் கோரைதான். புங்கந்தழையை வெட்டி நாற்றங்காலில் மிதித்த காலத்தில், ஏரி ஓரத்துச் சத்து அப்படியே நெல்வயலுக்குப் போனது. கோடையில் ஏரி வண்டலை வண்டியில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினார்கள். யாரும் இதை நீர்த்தரப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. பாய் வேண்டும், உரம் வேண்டும், அதற்காகச் செய்தார்கள். ஏரியும் பிழைத்தது.

ஆகவே ஓரத்துத் தாவரத்தை வெறும் காட்சிக்கு வைக்கிற திட்டம் சில ஆண்டுகளில் தோற்கும். அறுக்கிறவருக்கு அதில் கூலியோ பாயோ தீவனமோ கிடைக்க வேண்டும்.

சித்திரை

தண்ணீர் மதகடிப் பள்ளத்தில் மட்டும். நிறம் பச்சை, சுண்டைக்காயை அரைத்துக் கரைத்த பச்சை. விடியற்காலையில் போனால் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கிறது. இரவில் அதே பாசியும் சேறும் அதை எடுத்துக்கொள்கின்றன. விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. பத்து மணிக்கு வந்து பார்க்கிற அதிகாரிக்கு இது தெரியாது. வெயில் ஏறிவிட்டால் மீன் கீழே போய்விடும்.

இந்தப் பச்சைக்கு மருந்து தேடி ஏரியில் எதையாவது கொட்டுவார்கள். காரணம் ஐப்பசியில் வந்தது. சித்திரையில் நாம் பார்ப்பது அதன் வட்டி.

சித்திரை, இன்னொரு நாள்

இலங்கையின் உலர் வலயத்தை நினைத்துக்கொண்டேன். அநுராதபுரம், வவுனியாப் பக்கங்களில் குளங்கள் ஒரே சிறு பள்ளத்தாக்கில் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தொடராக இருக்கும். சிங்களத்தில் அந்தத் தொடருக்கு எல்லங்காவ என்று பெயர். 1985-இல் மத்தும பண்டார அதைப் பற்றி எழுதிய பிறகு ஆய்வுலகம் திரும்பிப் பார்த்தது. 2017-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் அதை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது.

என்னைக் கவர்ந்தது அதில் குளத்தின் மேல்பக்கத்துக்குக் கொடுத்த மரியாதை. தண்ணீர் ஏறும் விளிம்பில் மரத்தோப்பு, அது கஸ்கொம்மன. காற்றைத் தடுத்து ஆவியாவதைக் குறைக்கும். அதற்கு மேலே புல்வெளி, அது பெரஹன. வருகிற மண்ணைப் பிடிக்கும். பக்கவாட்டில் காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலத்து மண் இறங்காமல் தாழ்ந்த மண்வரப்பு, இஸ்வெட்டிய. வண்டல் தங்கவும் காட்டு விலங்கு தண்ணீர் குடிக்கவும் கொடவல என்ற சிறு பள்ளம். குளக்கட்டுக்குக் கீழேயும் விடவில்லை. வயலுக்கு முன்னால் கட்டகடுவ என்று ஒரு துண்டுக் காடு. இலுப்பையும் மருதும் தாழையும் நின்று கசிவுநீரின் உப்பை வயலுக்குப் போகாமல் தடுக்கும்.

ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் இருந்ததால் ஒவ்வொரு துண்டையும் ஊர் கவனித்தது. எங்கள் ஊரில் ஏரிக்கு மேலே இருந்த மேய்க்கால் புறம்போக்கும் பெரஹனவின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வருவாய்த்துறைக் கணக்கில் அது மாடு மேயும் தரை. தண்ணீரைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அதனால் அதை மனையாகப் பிரித்தபோது ஏரியைத் தொட்டதாக யாருக்கும் தோன்றவில்லை.

வைகாசி

வற்றிய உள்வாயில் வெள்ளரிக் கொடி. நிலமில்லாத இரண்டு மூன்று குடும்பங்கள் ஆண்டுதோறும் போடுகின்றன. இன்னொரு பக்கம் ஆடுகள். ஓரத்தில் புல் வளர்க்க வேலி போடலாமா என்று பேச்சு வந்தபோது ஆட்டுக்காரப் பெண்மணி கேட்டார்: “வேலி போட்டா நாங்க எங்க சார் போறது?”

நியாயமான கேள்வி. ஏரி ஓரம் காலி நிலம் என்று நினைத்துத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் இவர்களைத்தான் துரத்துகிறார்கள். மேலே எல்லைக்கல்லைத் தள்ளி நட்டுக் கம்பிவேலி போட்டவர் அப்படியே இருப்பார். 2007-இல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. அதன் கை யார்மேல் முதலில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

முழுதும் அடைக்க வேண்டியதில்லை. ஓடைகள் இறங்கும் வாய்களை மட்டும் அடைத்து, மற்ற இடத்தை முறைவைத்து மேயவிடலாம். தண்ணீர் ஓரம் முழுதும் சமமாக வருவதில்லை. சில வாய்கள் வழியாகத்தான் பெரும்பகுதி வருகிறது. அந்த வாய்கள் எவை என்று ஆட்டுக்காரர்களுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும்.

கொல்லைக்காரரையும் கேட்க வேண்டும். கடைசி வரப்புக்குப் பக்கத்தில் உழாமல் விடச் சொன்னால் அவருக்கு இழப்பு. அங்கே தீவனப்புல்லோ அறுத்து விற்க நாணலோ வந்தால் இழப்புக் குறையும். புண்ணியத்தை மட்டும் கூலியாகக் கொடுத்து யாரிடமும் நிலம் கேட்கக் கூடாது.

ஆனி

ஓரமெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. ஊதா கலந்த வெளிர் ரோஜாப் பூ. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மாடு வாய் வைக்காது. சாய்ந்த தண்டு தரையைத் தொட்ட இடத்தில் வேர்விடும். கொஞ்சம் மேலே சீமைக் கருவேலம். அதன் அடியில் புல் தங்குவது குறைவு. நாட்டுக் கருவேலம் அப்படியில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைச் சரணாலயத்தில் பறவைகள் அதன்மேலும் கூடு கட்டுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஜே.சி.பி. விட்டு வாரிவிடலாம் என்பது ஊரின் ஆசை. வாரினால் ஓரம் மொட்டையாகும். அடுத்த ஐப்பசியில் அந்த மொட்டைத் தரைதான் முதலில் ஏரிக்குள் போகும். வேண்டாத செடியும் அதுவரை மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு துண்டைப் பிடுங்கி, அங்கே நம் புல்லை வேர்பிடிக்க வைத்து, பிறகு அடுத்த துண்டுக்குப் போவதுதான் முறை. மெதுவான வேலை. பட்ஜெட் ஆண்டு மார்ச்சில் முடிந்துவிடும்; புல் அதைக் கேட்காது.

நகரத்து ஏரிகளில் இன்னொரு வேலை நடக்கிறது: அழகுபடுத்துதல். சுற்றிலும் கல் பதித்த சரிவு, நடைபாதை, விளக்கு, வெட்டிவிட்ட புல்தரை. அந்தக் கல்லில் மோதித் தண்ணீர் நிற்க இடமில்லை, மண் தங்க இடமில்லை, தவளை ஏற இடமில்லை. கட்டி முடித்த அன்று ஏரி சுத்தமாகத் தெரியும். கோடையில் பச்சையாகும்போது கல்லைக் குற்றம் சொல்ல யாருக்கும் தோன்றாது. நடக்கிறவருக்குப் பாதை வேண்டும்தான். அதைக் கரைமேல் போடலாம். தண்ணீர் வரும் பக்கத்தை விட்டுவிடலாம்.

ஆடி

புல்லின் எல்லையையும் எழுதிவைக்க வேண்டும்.

மேலே புதிதாக வந்த குடியிருப்பிலிருந்து ஒரு குழாய், ஓடைக்குள் கறுப்புத் தண்ணீரை விடுகிறது. ஓடை அதை ஒரே கோட்டில் ஏரிக்குள் கொண்டுபோகிறது. இரண்டு பக்கமும் எத்தனை அகலத்துக்குக் கோரை நின்றாலும் அதற்கு வேலை இல்லை. பரவி வரும் தண்ணீரைத்தான் புல் பிடிக்கும். குழாயில் வருவதை அல்ல. கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், குழாயை அடைக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஓரத்தில் மரம் நட்டு ஏரியைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னால், அந்த மரங்களைச் சாட்சிக் கூண்டில் பொய் சொல்ல வைப்பதாகும்.

அதேபோல் புல்லுக்குள் தண்ணீர் கோடு கீறத் தொடங்கினால் அங்கே புல் இருந்தும் இல்லாத கணக்குத்தான். மழைக்குப் பிறகு நடந்து பார்த்து, கோடு விழுந்த இடத்தில் கல்லடுக்கிக் குறுக்கே வெட்டிவேர் வைக்க வேண்டும். நட்டதோடு முடிகிற வேலை இல்லை.

ஆவணி

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபைக் குழுக்களில் ஏரி வாரியம் என்று ஒன்று, தோட்ட வாரியம் என்று ஒன்று. ஏரிக்கென்று ஆண்டு முழுதும் பொறுப்பான ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் முக்கியம். இன்று கரை ஒரு துறையிடம், உள்வாய் இன்னொரு துறையிடம், மேய்க்கால் மற்றொரு துறையிடம், கொல்லை தனியாரிடம். தண்ணீர் நான்கையும் கடந்து வருகிறது. நான்கு பேரையும் ஒரு நாளாவது ஓடை வாயில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இப்போதைக்கு ஏரி வாரியம்.

உங்கள் ஊரிலும் ஏரி இருக்கும். இந்த மழைக்கு முன் மரம் நடும் அழைப்பு வந்தால் போங்கள். போய், கரைமேல் குழி வெட்டுகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? அந்தப் பக்கம் எல்லோரையும் நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். ஓடை இறங்கும் வாய்களை ஆட்டுக்காரரிடம் கேட்டுக் குறியுங்கள். மேட்டில் முதலில் புல், புல்லுக்குள் இடைவிட்டு நீர்மருது, புங்கம், நீர்க்கடம்பு. நிழல் அடர்ந்தால் புல் செத்துவிடும் என்பதால் மரத்தை நெருக்க வேண்டாம். உள்வாய் ஓரத்து நடவை மாசி வரை தள்ளிப்போடுங்கள். எத்தனை கன்று நட்டோம் என்று பலகையில் எழுத வேண்டாம். ஐப்பசியில் முதல் மழையன்று ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று பாருங்கள். அடுத்த ஐப்பசியிலும் அதே வாயில், முதல் மழையிலேயே பிடித்துப் பாருங்கள். மண் குறைந்திருந்தால் நட்டது சரியான இடத்தில்.